கருப்பை எடுத்த பிறகும் கிளினிக் போகணுமா?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை)



எங்கள் யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் டாக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்கர் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு பிரசவ வைத்தியம், ரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். நம் உடம்பைப் பற்றி நம் பாஷையில் பேச வெட்கம் வேண்டாம். அதனால் இன்று கருப்பை ஒப்பரேஷன் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம்.

"கருப்பைதான் எடுத்தாச்சே, இனி கிளினிக் எதுக்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு பேரிக்காயைக் காம்பு கீழே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். கருப்பை அந்த வடிவம்தான். கீழே ஒடுங்கிய பகுதி கருப்பைக் கழுத்து.

முன்பெல்லாம் பெரும்பாலும் வயிற்றை நீளமாகக் கீறியே எடுத்தார்கள். லப்பரஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் போட்டு, கமரா வைத்துப் பார்த்துச் செய்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவில் டாக்டர் ஹரி ரைக் இப்படிக் கருப்பையை எடுத்தார். காயம் சிறிது, வீட்டுக்கும் சீக்கிரம் போகலாம். சிலருக்குக் கழுத்தை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பார்கள்.

கழுத்து இருந்தால், அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகவே பாப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது. சிலருக்கு மாதாமாதம் கொஞ்சம் இரத்தம் படலாம்; டாக்டரிடம் சொல்லுங்கள். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர்களுக்கு இந்த முறை ஏற்றதல்ல. அதனால்தான் முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள். கழுத்தை விட்டால் தாம்பத்தியம் நல்லா இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆராய்ச்சிகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் மூன்று கேள்வி கேளுங்கள்: கழுத்தை எடுத்தீர்களா, விட்டீர்களா? சினைப்பை இருக்கிறதா? அடுத்த பரிசோதனை எப்போது? பதிலை ஆஸ்பத்திரிக் கார்டில் எழுதி வாங்கி, பத்திரமாக வையுங்கள். லயம் மாறினாலும், ஊர் மாறினாலும் அது கூடவே வரட்டும்.

வேலைக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள். வெளியே காயம் சின்னதுதான். உள்ளே ஆற நாளாகும். கொழுந்துக் கூடை, விறகுக் கட்டு, தண்ணிக் குடம் எதையும் டாக்டர் சொல்லும்வரை தூக்கக் கூடாது. வீட்டு ஆம்பிளைகளே, அந்த நாட்களில் குடத்தை நீங்கள் தூக்குங்கள்!

1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. எங்கே, எந்த நாள் என்று உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். முப்பத்தைந்து வயதானவர்கள் கட்டாயம் போங்கள். கருப்பை எடுத்தவர்கள் கார்டையும் கையோடு கொண்டு போங்கள்.