கடிகாரத்தை நிறுத்த மறந்தேன்
(ஆண்டு விழாவில் குழந்தைகள் செஸ் போட்டிப் பரிசளிப்பின்போது பேசியது)

 

பரிசளிப்புக்கு முன் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர். நான் பட்டயம் பெற்ற நடுவர் அல்ல. விதிகளைப் படித்து வைத்திருக்கும் ரிடையர்ட் ஆசாமி. காலையில் நான் செய்த தவறைச் சபையில் சொல்லிவிடத்தான் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது சுற்று. தலைக்கு 15 நிமிடம். தன் ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் ஒரு பையன் ரூக்கை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கிவிட்டான். எதிரே இருந்த பெண் கையைத் தூக்கினாள். நான் போய்க் காய்களைப் பழையபடி வைத்து, அந்தப் பையனுக்கு நிதானமாக விளக்கம் சொன்னேன். என் விளக்கம் சற்று நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் கடிகாரம்! ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்றாள்.

முதலில் கடிகாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நடுவரை அழைக்க ஆட்டக்காரரே நிறுத்தலாம். இதை நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. பிறகு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது ஃபிடே விதி. பிளிட்ஸ் ஆட்டமானால் 1 நிமிடம். தவறு செய்தவர் தொட்ட காயாலேயே செக்கைத் தவிர்க்க முடியுமானால் அதையே ஆட வேண்டும். அவரே இரண்டாம் முறையும் செய்தால் பொதுவாக ஆட்டம் போயிற்று. கடிகாரத்தை அமுக்குவதற்கு முன் சுதாரித்துக்கொண்டால் இந்தத் தண்டனை இல்லை.

பெரிய இடத்திலும் குழப்பம் வந்ததுண்டு. 2017 டிசம்பர், ரியாத், உலக பிளிட்ஸ் போட்டி. கார்ல்சன் செக் வைத்தார். ரஷ்யாவின் இனார்கியேவ் தன் ராஜாவைக் காக்காமல் குதிரையால் பதில் செக் வைத்தார். கார்ல்சனும் கவனிக்காமல் தன் ராஜாவை நகர்த்தினார். உடனே இனார்கியேவ் கடிகாரத்தை நிறுத்தி, கார்ல்சன் ஆடியதுதான் தவறு என்றாரே பார்க்கலாம்! நடுவர் முதலில் அவருக்கே வெற்றி கொடுத்தார். தலைமை நடுவர் வந்து, ஆட்டம் தொடரட்டும் என்றார். அவ்வகை ஆட்டத்தில் எதிராளி முறையிடாமல் அடுத்த நகர்வை ஆடிவிட்டால் பழைய தவறு நின்றுவிடும். இனார்கியேவ் ஆட மறுத்தார், வெற்றி கார்ல்சனுக்கு.

வெளியூர்க் கிளைகளிலிருந்து வந்திருப்பவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் கடிகாரம், அப்புறம் உபதேசம்.

இரு தரப்பும் கையெழுத்திட்ட முடிவை நான் மாற்ற முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு மூன்றாம் பரிசு கைநழுவியது. சாப்பாட்டுப் பந்தியில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்பளத்தைக் கடித்துக்கொண்டே, "பரவாயில்லை தாத்தா. அடுத்த வருஷமும் நீங்கதான் நடுவரா?" என்றாள்.