கொல்லைப்புறத்தில் மீனும் கீரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஜாம்ஷெட்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பின்புறத்தில் சிறிது நிலமும் வாய்த்திருக்கிறது. அதில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்து, ஊரிலிருந்து கொணர்ந்த விதையில் கீரையும் பயிரிட்டு வருகிறோம். அதே நிலத்தில் மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். அக்வாபானிக்ஸ் என்று வழங்கும் இம்முறையைக் குறித்து ஆசை காட்டும் படங்கள் பல உலவுகின்றன. ஆசைக்குப் பின் வரவேண்டிய கணக்கைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

முறை எளிது. மீன் உண்டு கழிப்பதால் நீரில் அம்மோனியா சேர்கிறது; அது மீனுக்கே நஞ்சு. அந்நீரைப் பம்பினால் ஏற்றிச் சரளைக்கல் நிரம்பிய பாத்தியில் பாய்ச்சினால், கல்லின்மேல் குடியேறும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டோ பயிருக்கு உரம். பயிர் அதை உறிஞ்சிக்கொள்ள, நீர் மீன் தொட்டிக்குத் திரும்புகிறது. இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890.

முதலில் தொட்டியை வாங்கிவிட்டுப் பிறகு மற்றவற்றை யோசிப்பதே பெரும்பாலோர் வழக்கம். கணக்கைக் கீரையிலிருந்து தொடங்குவதே முறை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கையேடு, கீரை வகைகளுக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு நாள்தோறும் 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்று அளவு கூறுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 2 சதுர மீட்டர்ப் பாத்தி என்று கொள்வோம். நாளைக்கு 100 கிராம் தீவனம் செல்லும். வளர்ந்த மீன் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு உண்ணுமெனின், 10 கிலோ மீன் போதும். 1000 லிட்டர் தொட்டியில் அவை நெருக்கமின்றி வாழும். இருபது கிலோ வரை விடலாம் என்பாரும் உளர். முதலாண்டில் அந்த வீரம் வேண்டாம்.

பாத்தியின் ஆழம் 30 சென்டிமீட்டர். அப்படியானால் 600 லிட்டர் கொள்ளளவுக்குக் கல் வேண்டும். அதன் எடை ஏறக்குறைய 1 டன். தொட்டி நீரும் 1 டன். ஆதலால் மாடி வீட்டு அன்பர்கள் பால்கனியை மறந்துவிடுவது நலம். தரையில் வைப்போரும் பாத்தியின் தாங்கியை உறுதியாக அமைத்தல் வேண்டும். கல்லின்மேல் சிறிது வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், நீரின் காரத்தன்மையைக் கூட்டிவிடும், ஆகாது. இரசாயனம் அடைத்து விற்ற பீப்பாய் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். ஓய்வு பெறும் நாளில் குவார்ட்டர்ஸைத் திருப்பித் தர வேண்டியவர்கள் நாம். ஆகவே சிமெண்டுக் கட்டடம் எதுவுமின்றி, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க முறையில் யாவற்றையும் பூட்டி அமைப்பதே அறிவு.

எந்த மீனை வளர்ப்பது? ரோகு, கட்லா ஆகியவை குளத்து மீன்கள். இத்தொட்டியில் நன்கு பெருக்கா. ஜிலேபிக் கெண்டை வளர்க்க அரசு அனுமதி பெறல் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட இனம். வங்காள அன்பர்கள் கோயி என்றும் சிங்கி என்றும் விரும்பி வாங்குகின்றனரே, அவையே நமக்கு உகந்தவை என்பது எம் கருத்து. கோயி என்பது நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை. இவ்விரண்டும் நீரிலுள்ள உயிர்வாயுவோடு வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. பனையேறியை வளர்ப்பவர் தொட்டிக்கு வலை போட்டு மூட வேண்டும். பெயரே காரணம் சொல்கிறது. புலால் உண்ணாத இல்லத்தார் அழகு மீன்களை வளர்க்கலாம். கீரை அதற்காகக் குறைந்து விளையாது.

காற்றைச் சுவாசிக்கும் மீனை வற்புறுத்துவதன் காரணம் மின்வெட்டு. 20 டிகிரி வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்வாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கோடை இரவில் பம்பு நின்றால், சாதாரண மீன் விடியும்வரை தாங்குவது அரிது. கூலரில் வைக்கும் சிறு பம்பே இதற்குப் போதுமாதலால், இன்வெர்ட்டரில் ஓர் இணைப்பு அதற்கும் கொடுத்துவிட வேண்டும். மின்வெட்டைத் தாங்கவல்ல மீனை வைத்திருப்பினும், கல்லில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இனி, எப்போது தொடங்குவது? இங்குதான் வெளியூரில் வாழும் நம் நிலை குறுக்கிடுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மே மாதம் நாம் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். வெயில் மிகக் கொடிய அம்மாதத்தில், தொட்டி நிறைய மீனைப் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்வது பாவம். பிப்ரவரியில் உற்சாகமாகத் தொடங்கி, மே மாதம் செய்வதறியாது திகைக்கும் குடும்பம் அடுத்த ஆண்டு தொட்டியையே விற்றுவிடும்.

ஆகவே ஊரிலிருந்து திரும்பியதும், ஜூன் இறுதியில் தொடங்குக. நுண்ணுயிர்கள் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். சில மீன்களை மட்டும் விட்டு, அழகு மீன் கடையில் கிடைக்கும் சோதனைத் திரவங்களால் நீரை வாரமிருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் அடங்கி நைட்ரேட் தெரிந்த பின்னரே எஞ்சிய மீன்களை விடலாம். இடையில் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், அத்தெளிவை நம்பலாகாது. மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழிய ஒரு குழாய் வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் மீன் குறைவாக உண்ணும். தீவனத்தையும் குறைத்துவிட வேண்டும். பாலக்கும் வெந்தயமும் கொத்தமல்லியும் செழிப்பதும் அப்போதே. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் இரும்புச்சத்துக் குறைவு என்று அறிக. மீன் தீவனத்தில் பயிருக்குப் போதிய இரும்பு இராது. தனியே சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் முடிவதற்குள் மீனில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டு, நுண்ணுயிர்கள் பட்டினி கிடவாதபடி ஏழெட்டு மட்டும் விட்டு வையுங்கள். தொட்டிக்கு நிழல் கட்டுங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதற்கு, குளோரின் அகலும்படி ஒரு நாள் திறந்து வைத்த குழாய் நீரை ஒரு டிரம்மில் நிறுத்திவையுங்கள். அண்டை வீட்டாரிடம் சாவியோடு தீவன டப்பாவையும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் அன்பின் மிகுதியால் கைநிறைய அள்ளிப் போடுவார்கள். உண்ணாத தீவனம் அழுகி, நாம் திரும்பும்போது மீனே இராது. நாளுக்கு ஒன்றாக முப்பது பொட்டலம் மடித்து, தேதி எழுதிக் கொடுங்கள்.