புளித்த பியரும் பாஸ்தரும்

ஆவலுடன் பருகிய பியர் முதல் மிடற்றிலேயே புளித்தால், அருந்துவோர் முகஞ்சுளித்துக் கிண்ணத்தை அப்பால் வைத்துவிடுவர். காரணத்தைத் தேடுவோர் சிலரே. அவர்களுள் ஒருவர் லூயி பாஸ்தர். அவரோ பியரைப் பெரிதும் விரும்பியவரல்லர்.

1871 ஆம் ஆண்டு. ஜெர்மனியரிடம் பிரான்ஸ் தோல்வியுற்றிருந்த காலம். பியரிலேனும் தம் நாடு அவர்களை வெல்ல வேண்டுமென விரும்பிய பாஸ்தர், கிளெர்மோன் நகருக்கு அண்மையில், சாமலியேரிலிருந்த சிறிய பியர்ச்சாலையொன்றுக்குச் சென்றார். வாடிக்கையாளர் முறையிட்டால் மதுவத்தை மாற்றுவதொன்றே அங்குள்ளோர் அறிந்த பரிகாரம். அது கெட்டது ஏன் என்பதை அவர்கள் அறியார்.

பாஸ்தர் நுணுக்குக்காட்டியை நாடினார். நல்ல பியரிலே உருண்டையான மதுவக் கலங்களே தோன்றின; கெட்டதிலோ அவற்றினிடையே கோலுருவான வேற்று நுண்ணுயிர்களும் காணப்பட்டன. புளிப்பை விளைத்தவை அவையே. தூய மதுவமும் துப்புரவான பாத்திரங்களும் இன்றியமையாதன என்றும், போத்தலில் அடைத்த பியரைச் சதமவளவையில் 50 முதல் 55 பாகை வரை சூடாக்கினால் அது கெடாதிருக்கும் என்றும் அவர் கண்டார். அவருடைய ஆராய்ச்சி 1876 இல் நூலாக வெளிவந்தது.

இன்றும் சிற்றூர்ச் சாலையொன்றின் பியர் ஏமாற்றமளிக்குமாயின், மதுவத்தின்மேற் பழிபோடுமுன் பாத்திரங்களையும் குழாய்களையும் சோதித்துப் பார்ப்பதே அதனைச் செய்வோரின் கடன்.