அந்தப் பக்கம் யாரு?



காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரி மாணவியைத் தெரியும். பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். சிறார் எழுத்தாளர் யார் ஊருக்கு வந்தாலும் நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். எல்லாரிடமும் அவர் கேட்பது, "நீங்க எப்படி எழுத ஆரம்பிச்சீங்க?" என்பதுதான். நல்ல கேள்வி. எழுத ஆசைப்படும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் கொஞ்சம் வானொலிப் பக்கம் கூப்பிடுங்கள்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் 1922இல் பிறந்தவர். 1940இல் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எழுத்தாளர் தி.ஜ.ர. இருந்தார். அவர் கொடுத்த ஊக்கத்தில்தான் 'ஆளுக்குப் பாதி' என்ற முதல் கதையை எழுதினார். அதன்பிறகு இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. வேலையையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை. 1944இல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' தொகுதி வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் செய்த காரியங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இந்தச் சங்கம்தான். தனக்கு ஒரு தி.ஜ.ர. வாய்த்தார், பின்னால் வருகிற பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும் என்ற தவிப்பு இல்லாவிட்டால், வங்கி வேலைக்கு நடுவே ஒருவர் சங்கம் நடத்துவாரா, சொல்லுங்கள்!

ஆனால் எழுத்தாளர்கள் சொல்லித்தர முடியாத ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகள்தான் சொல்லித்தர வேண்டும். பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் கதை சொல்லிப் பழகிய எனக்கு இதில் ஐயமே கிடையாது. அதனால் அந்த மாணவியிடம், "எழுதினதைப் பெரியவங்ககிட்டக் காட்டுறதுக்கு முன்னாடி, சின்னப் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டும்மா" என்றேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. சாயங்கால நேரம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாசிக்கிறார். நான் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை வாசிக்கும்போது பார்க்க வேண்டிய இடம் அதுதான், நேயர்களே.

கோபுரத்தை வருணிக்கும் பத்தி வந்தது. அழகான தமிழ். ஒரு பையன் பாய்க்கோரையைப் பிய்க்க ஆரம்பித்தான். இரண்டு பேர் தெருவைப் பார்த்தார்கள். அடுத்து, மந்தாரை இலை வைத்த குடலையிலிருந்து ஆவி பறக்க இட்லியை எடுக்கும் இடம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கிறது. பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பின்னால் இருந்த சிறுமி முழங்காலில் நகர்ந்து முன்னால் வந்துவிட்டாள். எந்தப் பத்தி இருக்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எந்தப் பதிப்பாசிரியரிடமும் கிடைக்காது.

பிறகு தறி வந்தது. கதையில் அப்பா தனியாக உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்கிறார். உடல் மயில் கழுத்து நிறம், இரண்டு பக்கமும் அரக்குக் கரை. வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறுமி கேட்டாள்: "அந்தப் பக்கம் யாருக்கா உக்காந்துனு இருந்தாங்க?"

தறி பழகாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு நிறமும் இரண்டு கரைக்கும் வேறு நிறமும் வரும் கோர்வைக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும். நெய்கிறவர் தன் பக்கத்துக் கரைக்கும் உடலுக்கும் நாடா போடுவார். அந்தக் கோடியில் இருக்கும் கரைக்கு நாடா போட இன்னொருவர் கூட உட்கார வேண்டும். கரை நூலும் உடல் நூலும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே வருவதால்தான் அதற்குக் கோர்வை என்று பெயர்.

மாணவியின் அப்பா தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டவர். அதனால் தறி மாணவிக்கு ஆயா வீட்டில் பார்த்த காட்சி மட்டும்தான். அன்று ராத்திரியே ஆயாவிடம் போய், "அந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டிருக்கிறார். "நான்தான். எட்டு வயசுல உக்கார வச்சாங்க" என்றாராம் ஆயா.

நாவல் அங்கே பிறந்துவிட்டது. காஞ்சிபுரத்துத் தறிகளில் அந்த இடத்தில் எத்தனையோ பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டார் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு வந்தவர்கள் உண்டு. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அறிக்கை பெரியவர்கள் படிப்பதற்கு. பிள்ளைகளுக்கு அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

இங்கேதான் எழுதி வென்றவர்களிடம் போக வேண்டும். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்களைப் பற்றிப் பேசவே பெரியவர்கள் தயங்கும்போது, யெஸ். பாலபாரதி ஒரு மரப்பாச்சிப் பொம்மையைப் பேசவைத்தார். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. கீழடியின் பழைய வாழ்க்கையைப் பாடமாக்காமல் 'ஆதனின் பொம்மை'யாக்கினார் உதயசங்கர். அதற்கு 2023இல் அதே விருது. கனமான விஷயத்தைப் பிள்ளையின் கைக்கு அடக்கமான ஒரு பொருளில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாணவி இரண்டு புத்தகங்களையும் பென்சிலோடு மறுபடி படித்தார். இப்போது அவருடைய அத்தியாயத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையில் நாடாவோடு, அப்பாவின் கையையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. அவள் தலையைத் திருப்பினால் கரை விட்டுப்போகும். அழுகை, ஆவேசம் என்று ஒரு வரி கிடையாது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2025இல் விஷ்ணுபுரம் சரவணனுக்குப் பால சாகித்திய புரஸ்கார் வந்தது, 2024இல் யூமா வாசுகிக்கு வந்தது என்று சொல்லும் அதே வாயால், அந்த மாணவியின் பெயரையும் ஒருநாள் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. காஞ்சிபுரத்திலும் ஐயம்பேட்டையிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆயாக்களே, தாத்தாக்களே! சின்ன வயதில் தறியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து அதைச் சொல்லுங்கள். எழுதுகிற பிள்ளை அந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.