வண்டி யூரியாவும் வயல் யூரியாவும்

(உழவர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)

காய்கறியும் பூவும் சந்தைக்கு ஏற்றிச் செல்ல நாலைந்து பேர் கூடி ஒரு வேன் வாங்குவது இன்று பல ஊர்களில் காணக்கூடியதாக இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் பி.எஸ்.6 விதி நடப்புக்கு வந்தது. அதன் பின்னர் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் டீசல் தொட்டி நீங்கலாக, நீல நிற மூடி போட்ட சிறிய தொட்டி ஒன்றும் உண்டு. அதில் ஊற்றும் திரவத்துக்கு டி.இ.எஃப். என்று பெயர், ஆட்புளூ என்றும் விற்கிறார்கள். ஓட்டுநர்களோ சுருக்கமாக 'யூரியா' என்றே சொல்லி விடுகிறார்கள். இந்தப் பெயரால்தான் வம்பு வந்து சேருகிறது. யூரியா என்ற பேச்சு வந்துவிட்டதால், மெக்கானிக் அல்லாத நானும் இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஈர வயலில் யூரியாவை மேலாகத் தூவிவிட்டால் சில நாட்களில் நெடி அடிப்பதை அறிவீர்கள். மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால் வரும் நெடி அது. வண்டியின் புகைக்குழாயில் இதே மாற்றத்தை நொதிக்குப் பதிலாகச் சூடு செய்கிறது. சூடான புகையில் டி.இ.எஃப். ஊசி வழியாகத் தெளிக்கப்படுகிறது. அதிலிருந்து பிறக்கும் அம்மோனியா, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயுவுடன் வினையூக்கியின் மேல் கூடி, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியேறுகிறது. வயலில் அம்மோனியா பறந்தால் நமக்கு நட்டம். வண்டியில் அதுவே வேலை செய்கிறது.

சரி, தொட்டிக்குள் ஹீட்டர் எதற்கு? டி.இ.எஃப். என்பது எடையில் 32.5 சதம் யூரியா, மீதி 67.5 சதம் தாது நீக்கிய தண்ணீர். இந்த அளவில்தான் கரைசல் மிகத் தாழ்ந்த குளிரில் உறைகிறது. அதாவது மைனஸ் 11 டிகிரியில். யூரியா கூடினாலும் குறைந்தாலும் அதற்கு முன்னரே உறைந்துவிடும். லடாக்கின் லே நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் இந்த அளவையும் தாண்டும். உறைந்த தொட்டியை உருக்கவே ஹீட்டர். நம் சமவெளியில் அதற்கு வேலையே கிடையாது. ஆனாலும் வண்டியின் கம்ப்யூட்டர் அந்த மின்சுற்று அறுந்திருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே 38 டிகிரி வெயிலிலும் ஹீட்டர் பழுது என்று விளக்கு எரியலாம்! குளிரே இல்லாத ஊரில் ஹீட்டர் எதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. சில வண்டிகளில் விளக்கைத் தொடர்ந்து கிலோமீட்டர் கணக்கு ஒன்று இறங்கிக்கொண்டே வரும். அது தீர்ந்தால் வேகம் குறையும், அல்லது அணைத்த வண்டி மறுபடி கிளம்பாது. பறித்த தக்காளி வண்டியிலேயே நிற்கும்.

விளக்கு எரிந்தவுடன் தொட்டியை மாற்றச் சம்மதிக்காதீர்கள். பல வண்டிகளில் ஹீட்டர் தனியாகக் கிடைப்பதில்லை. பம்பு, மட்டம் காட்டும் கருவி, வெப்பம் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாக வருவதால் செலவு பெரிது. முதலில் ஸ்கேனர் போட்டுப் பழுதுக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். பிறகு ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, தொட்டிக்குப் போகும் ஒயரை ஆரம்பம் முதல் முடிவு வரை தடவிப் பார்க்க வேண்டும். களத்திலும் தொழுவத்தின் ஓரத்திலும் நிற்கும் வண்டியில் எலி கடிப்பது புதிதல்ல.

அடுத்தது கனெக்டர். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். டி.இ.எஃப். கசிந்தால் தண்ணீர் ஆவியாகி வெண்மையான பொடி பூக்கும். கரைசல் ஒயர் இழைகளின் ஊடாகவே ஊர்ந்து செல்லும் குணமுடையது. செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கனெக்டரைக் கழற்றி உள்ளே வெள்ளைப் பூப்போ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பொடியைச் சுரண்ட வேண்டாம். வெதுவெதுப்பான தாது நீக்கிய நீரில் அது கரைந்துவிடும். நன்றாக உலர்ந்த பின் மாட்டலாம். பச்சை பிடித்த ஒயரை மட்டும் வெட்டி மாற்ற வேண்டும். கசிவு எங்கிருந்து வந்தது என்று கண்டு அடைக்காவிட்டால் மாதம் இரண்டில் அதே கதைதான்.

இதுவரை குறை தென்படவில்லையானால் ஹீட்டரின் இரு முனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்துத் தடை பார்க்க வேண்டும். தடை அளவே காட்டாமல் திறந்த சுற்று என்று வந்தால் ஹீட்டர் உள்ளே அறுந்துவிட்டது. தொகுப்பை மாற்றத்தான் வேண்டும். தடை வந்தால், வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். வெப்பம் காட்டும் கருவியையும் மறந்துவிடக் கூடாது. விடியற்காலையில் எஞ்சினை ஓட்டுமுன் ஸ்கேனரில் தொட்டியின் வெப்பத்தைப் பாருங்கள். வெளிக்காற்றின் அளவை ஒட்டி இருப்பதே சரி. மைனஸ் 40 என்று காட்டினால் அந்தக் கருவியின் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை: வண்டியை அணைத்தவுடன் பாட்டரி முனையைக் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் பம்பு, குழாயில் எஞ்சிய திரவத்தைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ளச் சிறிது நேரம் ஓடும். ஐந்து நிமிடம் பொறுப்பது நல்லது. இடையில் நிறுத்தினால் குழாயிலும் ஊசியிலும் கரைசல் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

இனி, எங்கே போனாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி. "ஏன் சார், வீட்டில் இருக்கிற மூட்டை யூரியாவையே கரைத்து ஊற்றினால் என்ன?" கூடவே கூடாது ஐயா. 2015இலிருந்து நம் நாட்டு வேளாண் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. மண்ணுக்கு அது நன்மை. வினையூக்கிக்கும் ஊசிக்கும் கேடு. அடுத்தது பையூரெட். எலுமிச்சைக்கு இலைவழியாக யூரியா தெளிக்கும்போது பையூரெட் குறைந்த யூரியா வேண்டும் என்று நாங்கள் சொல்வது உண்டு. வேளாண் யூரியாவில் இது 1.5 சதம் வரை அனுமதி, டி.இ.எஃப்.பில் 0.3 சதத்துக்கு மேல் கூடாது. மிஞ்சினால் புகைக்குழாயில் கல் போலப் படியும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டி.இ.எஃப்.பில் சுண்ணச் சத்து ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் கிணற்று நீரில் அதைப்போல நூறு மடங்கு இருப்பதுகூட வியப்பில்லை.

சிலர் அடர்த்தி பார்க்கும் கைக்கருவியில் 32.5 என்று காட்டினால் சரக்கு நல்லது என்று நம்பிவிடுகிறார்கள். அந்தக் கருவி அளவைத்தான் காட்டும், தூய்மையைக் காட்டாது. மூட்டை யூரியாவை அதே அளவில் கரைத்தாலும் அதே எண்தான் வரும். அதனால் முத்திரை உடையாத, ஐ.எஸ்.ஓ. 22241 என்று அச்சிட்ட கேனாகவே வாங்குங்கள். தவிர, மானிய யூரியாவைப் பயிருக்கு அல்லாத வேலைக்குத் திருப்புவது 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி குற்றமாகும்.

வாங்கிய கேனை மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையடியில் வைக்காதீர்கள். 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் சரக்கு 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். நம் ஊருக்குப் பெரிய கேனை விடச் சிறிய கேனே மேல். ஊற்றும் புனலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டீசல் ஊற்றிய புனல் இதற்கு ஆகாது. தவறி டீசல் இந்தத் தொட்டியில் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். இழுத்துச் சென்று தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும்.

நாள் கடந்த டி.இ.எஃப்.பை என்ன செய்வது? திறக்காத கேனாக இருந்தால் வயலுக்கு விடலாம். 20 லிட்டர் கேனில் ஏறத்தாழ 7 கிலோ யூரியா இருக்கிறது. பாசன நீரோடு கலந்து மண்ணில் விட்டு, மேலுரத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலையில் தெளிக்க வேண்டாம். வண்டித் தொட்டியிலிருந்து இறக்கியதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடுமாதலால் அதை வயலுக்கும் விடாதீர்கள், கிணற்றோரமும் கொட்டாதீர்கள், பணிமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.