பெற்றோல் இல்லாமல் ஓடும் கார்

(கொக்கிளாய்க் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையகத்தில் இருந்து கொக்கிளாய்க்கு வந்து பேசுகிறோம். தூரம் அதிகம், கவலை ஒன்றுதான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. இங்கே வள்ளத்துக்கும் அடி, அங்கே லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் அடி. அதற்கு முன்பு ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடி அலைந்ததை நாங்கள் மறக்கவில்லை.

அதனால்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள்: சிரட்டையும் விறகுத் துண்டும் சும்மா கிடக்கிறதே, அதில் கார் ஓடாதா?

ஓடும். வன்னி மக்களுக்கு இது புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு, எஞ்சின் சூடாகக் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டியவர்கள் நீங்கள். இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் கிடைக்காதபோது சென்னை மாகாணத்தில் கரி பஸ் ஓடியது. சுவீடனில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் விறகிலும் கரியிலும் ஓடின.

வேலை இப்படித்தான். மூடிய இரும்பு உருளைக்குள் விறகையோ சிரட்டையையோ போட்டு, காற்றைக் குறைத்து எரிய விடுவார்கள். புகை சிவந்த தணல் வழியாக இழுபடும்போது, கார்பன் மொனொக்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு உண்டாகும். அதைக் குளிர வைத்து, தாரையும் தூசியையும் வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட வேண்டும். தொடக்கத்தில் ஊதுவான் வேண்டும். பிறகு எஞ்சினே வாயுவை இழுத்துக்கொள்ளும். காபரேற்றர் உள்ள பழைய பெற்றோல் கார்தான் இதற்கு இலகு. டீசல் எஞ்சினுக்கு இதோடு கொஞ்சம் டீசலும் வேண்டும்.

ஒரு லீற்றர் பெற்றோலின் வேலைக்குச் சுமார் 3 கிலோ காய்ந்த விறகு போகும். எஞ்சின் பலம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். கொக்கிளாயின் சமதரையில் அது பரவாயில்லை, எங்கள் மலை ஏற்றத்தில் கஷ்டம். ஈர விறகு போட்டால் தார் வந்து வால்வு ஒட்டும். பிளாஸ்ரிக், பொலித்தீன் போடவே கூடாது. நச்சுப் புகை வரும்.

தோழர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். எஞ்சினை ஓட்டும் அதே கார்பன் மொனொக்சைட் ஆளையும் கொல்லும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைசுற்று, வாந்தி வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு ஓட வேண்டும். மூடிய கராஜில் மூட்டக்கூடாது. உருளையில் தணல் இருக்கும்வரை காருக்குள் படுத்துத் தூங்கக்கூடாது. மூடியைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது, குப்பென்று தீப்பிடிக்கும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அதனால் எங்கள் கருத்து இதுதான். தனியே ஒரு பொடியன் வீட்டுப் பின்புறத்தில் உயிரைப் பணயம் வைத்துச் செய்து பார்க்கும் வேலை அல்ல இது. தொழில்நுட்பக் கல்லூரிகள் இதை நம் இளைஞர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் வெட்டவெளியில் ஒரே இடத்தில் நிற்கும் தண்ணீர்ப் பம்புக்குப் பழகலாம். அதற்காகப் பச்சை மரத்தை வெட்டவும் வேண்டாம், வீட்டு அடுப்பின் விறகை எடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் எங்களைக் கைவிட எவருக்கும் உரிமை கிடையாது. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிய காலம் போதும். ஒவ்வொரு தோட்டத்துக்கும், இப்படிப்பட்ட கரையோரக் கிராமத்துக்கும், அம்புலன்சும் அதற்கென ஒதுக்கிய எரிபொருளும் வேண்டும். அது நிர்வாகத்தின் கடமை, அரசின் கடமை. சிரட்டையில் வண்டி ஓட்டும் வித்தையை நாங்கள் படிப்போம். ஆனால் இந்தக் கோரிக்கையை விடமாட்டோம்.