முதலில் சுடுவதை நிறுத்துங்கள்

நடுவர் அவர்களே, அடித்துக்கொள்ளும் இரண்டு அண்டை நாடுகள் முதலில் துப்பாக்கியை இறக்குவதா, வழக்கைத் தீர்த்துவிட்டு இறக்குவதா என்பது தலைப்பு. உக்ரைனை நினைத்துத்தான் இதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரணித் தலைவர் கணீரென்று பேசினார். மூல காரணம் தீராமல் போரை நிறுத்தினால் அது ரஷ்யாவுக்குத்தான் லாபம் என்றார். ஐயா, மூல காரணம் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று மாஸ்கோவும் அதையேதான் சொல்கிறது! கட்டணம் வாங்காமல் கிரெம்ளினுக்கு வாதாடும் வக்கீலை இந்த மண்டபம் இன்றுதான் பார்க்கிறது. 2025 மார்ச்சில் ஜெட்டாவில் அமெரிக்கா முன்வைத்த 30 நாள் போர்நிறுத்தத்தை உக்ரைன் ஏற்றுக்கொண்டது. புதின் கொள்கையளவில் சரி என்று சொல்லிவிட்டு நிபந்தனைகளை அடுக்கினார். லாபம் அவருக்குத்தான் என்றால், வீடு தேடி வந்த லாபத்தை வாசலிலேயே நிறுத்திவைப்பாரா? வீடு பற்றி எரிகிறபோது பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்கிற யோசனை, நெருப்பு வைத்தவனுக்குத்தான் பிடிக்கும்.

தீர்த்துவிட்டு நிறுத்துவோம் என்று உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொரியப் போரைப் பாருங்கள். 1951 ஜூலை 10 அன்று கேசோங்கில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியது. முதல் கூட்டத்திலேயே ஐ.நா. தரப்புத் தலைவரான அட்மிரல் ஜாய்க்குத் தாழ்ந்த நாற்காலி, எதிரே வடகொரியத் தரப்புத் தலைவரான நாம் இல்லுக்கு உயர்ந்த நாற்காலி. மேஜையில் ஒரு தரப்பு சின்னக் கொடி வைத்தால், மறு தரப்பு அதைவிட உயரமான கொடியைக் கொண்டுவந்து வைக்கும். ஆகஸ்ட் 10 அன்று இரு தரப்பும் 2 மணி 11 நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் அந்த 2 மணி 11 நிமிடமும் வெளியே சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள். அன்றைய சண்டை எதைப் பற்றி? கோடு எங்கே என்பது பற்றி. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கோட்டையும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: படைகள் நிற்கிற இடமே கோடு. அப்புறம் ஏன் நிறுத்தவில்லை? போர்க்கைதிகளை அவர்கள் விரும்பாவிட்டாலும் திருப்பி அனுப்புவதா என்ற கேள்வி பாக்கி. அது தீரட்டும் என்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் குன்றுகளுக்காகச் செத்தார்கள். போர்நிறுத்தம் கையெழுத்தானது 1953 ஜூலை 27. அமெரிக்கப் படையின் மொத்த இழப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானது பேச்சு தொடங்கிய பிறகு நேர்ந்தது. இத்தனைக்கும் கோடு பெரிதாக நகரவே இல்லை! எதிரணி நண்பர்களே, நீங்கள் கேட்கிற 'தீர்வுக்குப் பிறகு' என்பதற்கு இதுதான் விலைப்பட்டியல். இதில் எந்த வரியை நியாயம் என்று சொல்லப்போகிறீர்கள்?

கொரியா பழங்கதை என்பீர்கள். சரி, ஈரான்–ஈராக். ஈராக் பிடித்து வைத்திருந்த கொராம்ஷஹர் நகரை 1982 மே மாதம் ஈரான் மீட்டுவிட்டது. ஈராக் அதிபர் சதாம் பின்வாங்கத் தயார் என்றார். ஈரான் மறுத்து எல்லை தாண்டியது. மேலும் ஆறு ஆண்டு ரத்தம் ஓடி, 1988 ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1990-இல் குவைத்தைப் பிடித்த சதாம், ஈரானோடு செய்து, தன் கையாலேயே கிழித்துப் போட்ட 1975-ஆம் ஆண்டு எல்லை ஒப்பந்தத்தையே மறுபடி ஏற்றுக்கொண்டார். ஆக, எங்கே தொடங்கினார்களோ அங்கேயே போய் நின்றார்கள்.

இனி எதிரணியின் துருப்புச்சீட்டு, மின்ஸ்க். கிழக்கு உக்ரைன் சண்டையை நிறுத்த 2014 செப்டம்பரிலும் 2015 பிப்ரவரியிலும் அங்கே கையெழுத்தான ஒப்பந்தங்கள் என்ன ஆயின என்று கேட்டார்கள். மீறினார்கள், மறுக்கவில்லை. இரண்டாவது ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் உக்ரைன் வசமிருந்த டெபால்ட்செவே நகரம் விழுந்தது. ஆனால் ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகக் கணக்கைப் பாருங்கள்: அந்த மோதலில் 2014-இல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், ஓட்டை உடைசலான அந்த நிறுத்தம் இருந்த 2021-இல் 25 பேர். தோற்றுப்போன போர்நிறுத்தம் என்று இதையா சொல்கிறீர்கள்? 2022 பிப்ரவரி 24 அன்று மின்ஸ்க் ஒப்பந்தம் படையெடுத்து வரவில்லை ஐயா, ரஷ்யா படையெடுத்து வந்தது. எதிரி ஆயுதம் சேர்க்க அந்த ஒப்பந்தம் அவகாசம் கொடுத்தது என்றும் சொன்னார்கள். அவகாசம் ஒரு பக்கத்துக்கு மட்டுமா ஓடியது? 2014-இல் கிரிமியாவைக் காக்க முடியாமல் நின்ற அதே உக்ரைன் ராணுவம்தான் 2022-இல் கீவ் வாசலிலிருந்து ரஷ்யப் படையைத் திருப்பி அனுப்பியது. அந்த எட்டு ஆண்டை அது வீணாக்கவில்லை.

நீதி இல்லாத அமைதி மயான அமைதி என்று எதிரணி அம்மையார் சொன்னபோது கைதட்டல் பறந்தது. அழகான சொற்றொடர். ஆனால் அம்மா, மயானத்தை நிரப்புவது அமைதியல்ல, போர்! போரை நிறுத்தினால், பிடித்த நிலத்தைப் பிடித்தவனுக்கே எழுதிக்கொடுத்ததாக ஆகாதா என்று கேட்டார். ஆகாது. கொரிய ஒப்பந்தம் தன்னை முழுக்க ராணுவத் தன்மையுடையது என்றே சொல்லிக்கொள்கிறது. இரு கொரியாக்களும் முழுத் தீபகற்பத்தின் மீதான உரிமையை அதில் எழுதிக்கொடுத்துவிடவில்லை. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அதில் கையெழுத்தே போடவில்லை. 1953 அக்டோபரில் அமெரிக்காவோடு தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார். உரிமையையும் விடவில்லை, உயிரையும் விடவில்லை.

உக்ரைனில் இது நடக்குமா என்று நடுவர் கேட்பீர்கள். இரண்டு பக்கத்தாரும் பேசவே மாட்டார்கள் என்பது பொய். ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோதே 2022 ஜூலையில் கருங்கடல் தானிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் தானியம் கப்பலேறியது. 2025 மே மாதம் இஸ்தான்புல்லில் உட்கார்ந்து பேசி, பக்கத்துக்கு ஆயிரம் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். கோதுமைக்கும் கைதிகளுக்கும் முடிந்தது பீரங்கிக்கு முடியாதா? முடியும். கொரியாவில் இருப்பதுபோல நடுவே நாலு கிலோமீட்டர் ஆளில்லாப் பட்டை வேண்டும், மீறினால் யார் மீறியது என்று சொல்லும் அதிகாரம் உள்ள கண்காணிப்பு வேண்டும். மின்ஸ்க் ஒப்பந்தத்தின் கீழ் ஆயுதமில்லாத பார்வையாளர்களை அனுப்பிக் குறிப்பெழுதச் சொன்னார்கள். அந்தத் தப்பைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். நிறுத்தத்தையே வேண்டாம் என்கிற எதிரணியிலிருந்து அடுத்து வருபவர், இன்னும் எத்தனை ஆண்டு, எத்தனை பேர் என்ற எண்ணோடு இந்த ஒலிவாங்கி முன்னால் வந்து நிற்கட்டும்.